வசனத்தை மொட்டைக் கடிதமாக்காதீர்கள்: போதகர்களுக்கும் வேதபாடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களே, மூப்பர்களே, வேதபாட வகுப்பு நடத்தும் சகோதர சகோதரிகளே,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

“உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” யோபு 8:7. இதைக் கேட்டிராத விசுவாசி அபூர்வம். புதிய தொழில், புதிய வீடு, புதிய ஊழியம் எதுவானாலும் இந்த வசனம் முதலில் வந்து நிற்கும். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதைச் சொன்னது யார்? கர்த்தர் என்று பலர் சொல்வார்கள். யோபு என்று சிலர் சொல்வார்கள். யோபின் நண்பன் பில்தாத் என்று சொல்பவரைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.

பில்தாத் எந்தப் பேச்சின் நடுவே இதைச் சொன்னான் என்று பாருங்கள். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்கிற தொனியில் பேச ஆரம்பிக்கிறான் (8:4). நீ சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் தேவன் உனக்காக எழுந்தருளுவார் என்கிறான் (8:6). அந்த ‘இருந்தால்’ மேல்தான் ஏழாம் வசனம் நிற்கிறது. துக்க வீட்டில் வைத்த குற்றச்சாட்டின் கடைசி வரியைத்தான் நாம் வாக்குத்தத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் எலிப்பாசை நோக்கி, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார் (42:7). அந்த இரண்டு சிநேகிதரில் ஒருவன் பில்தாத்.

அதற்காக அந்த வசனத்தை அடித்துவிடச் சொல்லவில்லை. விஷயம் அவ்வளவு எளிதுமல்ல. யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டதாகத்தான் முடிகிறது (42:12). பில்தாத் சொன்ன வார்த்தை நடந்தது, ஆனால் அவன் சொன்ன காரணத்தினால் நடக்கவில்லை. எலிப்பாஸ் பேசியதிலிருந்து ஒரு வரியைப் பவுலே கொரிந்தியருக்கு எடுத்துக் காட்டுகிறார் (யோபு 5:13, 1 கொரி. 3:19). ஆக, யோபின் நண்பர்கள் பேசியதெல்லாம் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, பேசியதெல்லாம் தேவவாக்கு என்று எடுக்கவும் முடியாது. நாற்பத்திரண்டு அதிகாரங்களையும் வாசித்தவருக்குத்தான் இந்த வித்தியாசம் பிடிபடும். எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை மட்டும் கையில் வாங்கியவருக்கு அது பிடிபட வழியே இல்லை. அப்படிக் கையில் கொடுக்கிறவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு.

எழுதியவர் பெயர் இல்லாமல் வருவதை மொட்டைக் கடிதம் என்கிறோம். அப்படி ஒன்று வந்தால் அதை எவ்வளவு நம்புவது என்று நமக்குத் தெரிவதில்லை. வேதத்தில் உள்ள கடிதங்கள் அப்படிப்பட்டவை அல்ல. யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்த நெருக்கடியில் எழுதியது என்பது அவற்றிலேயே இருக்கிறது. அந்தத் தலைப்பையும் விலாசத்தையும் கிழித்துவிட்டு நடுவிலுள்ள ஒரு வரியை மட்டும் சபைக்குக் கொடுக்கும்போது, நல்ல கடிதத்தை நாமே மொட்டைக் கடிதமாக்குகிறோம்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு...” இது நிஜமாகவே ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எகொனியா ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன பிறகு, எருசலேமிலிருந்து எரேமியா அவர்களுக்கு எழுதினார். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய ஆட்கள் கையில் கடிதம் போயிற்று.

அதற்கு முந்தின அதிகாரத்தைத் திருப்பினால் அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், ஆலயத்துப் பாத்திரங்களும் வந்துவிடும் என்று கர்த்தர் பெயரால் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து எல்லார் முன்னிலையிலும் உடைக்கிறான். சபை எதை விரும்பிக் கேட்டிருக்கும் என்று நமக்கு ஊகிக்கத் தெரியும். அனனியா அந்த வருஷமே செத்துப்போனான் (28:17). இந்தச் சூழலில்தான் எரேமியாவின் கடிதம் வருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அதாவது, இப்போதைக்கு வரமாட்டீர்கள். பத்தாம் வசனம் கணக்கையே சொல்லிவிடுகிறது: எழுபது வருஷம். கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்டிருப்பார்கள். அதன் பிறகுதான் பதினோராம் வசனம்.

அந்தக் கடிதத்தைப் பெற்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. செமாயா என்பவன் கோபத்தோடு எருசலேமில் உள்ள ஆசாரியனுக்குப் பதில் எழுதுகிறான்: சிறையிருப்பு நீடிக்கும், வீடு கட்டிக் குடியிருங்கள் என்று சொல்லியனுப்பிய இந்த எரேமியாவை ஏன் இன்னும் காவலில் வைக்கவில்லை? நாம் ஆறுதலுக்காகக் கொடுக்கிற வரியை முதலில் வாசித்தவர்களில் ஒருவன், எழுதியவரைத் தண்டிக்கச் சொல்லி மனு அனுப்பியிருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு வசனம் சிறுத்துப்போகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்க்கப்போகாத ஒரு விடுதலைக்காகவும் தேவன் நினைவுகளை வைத்திருக்கிறார் என்பது, இந்த மாதத்துக்குள் வேலை கிடைத்துவிடும் என்பதைவிடப் பெரிய செய்தி. இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது எரேமியாவின் செய்தியே அல்ல, அனனியாவின் செய்தி. எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்வது நமக்கு எவ்வளவு சுலபமாகக் கைவருகிறது!

வசனத்தைத் தனியே உருவி எடுக்கும் பழக்கத்துக்கு அச்சிட்ட வேதாகமமும் ஓரளவு காரணம். எழுதியவர்கள் அதிகார எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பயன்படுத்துகிற அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் செய்ததாக அறியப்படுகிறது. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், 1551-ல். இடத்தைக் கண்டுபிடிக்க எண்கள் உதவும், அதற்கு மேல் அவற்றுக்கு அதிகாரம் இல்லை. சில இடங்களில் வெட்டு தவறாகவும் விழுந்திருக்கிறது. பாடுபடும் தாசனைப் பற்றிய பகுதி ஏசாயா 53:1-ல் தொடங்கவில்லை, 52:13-ல் தொடங்குகிறது. ‘நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல’ என்ற வரி 1 கொரிந்தியர் 11-இன் தலையில் உட்கார்ந்திருந்தாலும், பத்தாம் அதிகாரத்துப் பேச்சின் முடிவு அது. எங்கே எண் மாறுகிறதோ அங்கே கருத்தும் மாறுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் சபையிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டாமா?

சரி, எதைக் கற்றுக்கொடுப்பது? பெரிய இறையியல் கல்லூரிப் பாடமெல்லாம் தேவையில்லை. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு பிலிப்புவிடம் கேட்ட கேள்வியே போதும்: தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார், தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ? (அப். 8:34). அந்த மனிதர் ‘இந்த வசனம் இன்று எனக்கு என்ன சொல்கிறது’ என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டார். பிலிப்பு அதே வேதவாக்கியத்தில் தொடங்கி இயேசுவைக்குறித்துப் பிரசங்கித்தார். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் வந்ததும் அவர் ஞானஸ்நானம் பெற்றார். சொன்னவரை விசாரிக்கிற கேள்வி விசுவாசத்தைக் குறைக்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பல சிக்கல்கள் தானாக அவிழும். ‘தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே’ என்பது கொலோசெயர் 2:21-ல் பவுலின் கட்டளை அல்ல, அவர் மறுக்கிற ஆட்களின் கட்டளை. மிஸ்பாவில் லாபான் யாக்கோபிடம் சொன்ன ‘கர்த்தர் நடுநின்று கண்காணிக்கக்கடவர்’ என்பது பிரிகிற நண்பர்களின் ஆசீர்வாதம் அல்ல, ஒருவரை ஒருவர் நம்பாத மாமனும் மருமகனும் போட்டுக்கொண்ட எல்லை. ‘கண் காணவில்லை, காது கேட்கவில்லை’ என்பதைப் பரலோகத்தைப் பற்றியே சொல்லி நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனமோ, நமக்கு அவைகளைத் தேவன் ஆவியினாலே வெளிப்படுத்தினார் என்று போகிறது (1 கொரி. 2:10).

எந்த வகை எழுத்து என்பதையும் கேட்க வேண்டும். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அதற்கு அடுத்த வசனமே கொடு என்கிறது. தொகுத்தவர் தூங்கிவிடவில்லை. நீதிமொழி என்பது சமயம் பார்த்துப் பயன்படுத்த வேண்டியது என்று அந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சொல்கின்றன. இதை மறந்ததால் வந்த காயம் ஒன்று உண்டு. “பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து” என்ற நீதிமொழிகள் 22:6-ஐ, பிள்ளை வழிதவறிப்போன தாய் தகப்பனிடம் சொல்லிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சரியாக வளர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பதுதான் அதில் மறைந்திருக்கும் செய்தி. பில்தாத் யோபிடம் பேசியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஏசாயா புத்தகத்தின் இரண்டாம் வசனத்தில் கர்த்தரே சொல்கிறார்: நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள். அவருடைய வளர்ப்பில் குறை சொல்வோமா?

இனி, நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலில் வருவது எப்போதும் இதுதான்: ‘எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது.’ முன்பின் பார்த்து வாசிக்கச் சொல்கிறவரிடம், முன்பின் பார்க்காமல் எடுத்து வீசப்படுகிற வசனம் இது. 2 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்தை வாசித்தால், அங்கே பவுல் பேசுவது கற்பலகைகளில் எழுதப்பட்ட பழைய உடன்படிக்கையையும் இருதயத்தில் எழுதப்பட்ட புதிய உடன்படிக்கையையும் பற்றி. கவனமாக வாசிப்பது ஆபத்து என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் இவ்வளவு நீளமான நிருபங்களை ஏன் எழுதினார்?

இரண்டாவது மறுப்பு கனமானது. புதிய ஏற்பாட்டை எழுதியவர்களே வசனங்களைப் பெயர்த்து எடுக்கவில்லையா? “எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்” என்று ஓசியா 11:1 சொல்வது இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றி. மத்தேயு அதைக் குழந்தை இயேசுவுக்குச் சொல்கிறார் (2:15). நியாயமான கேள்வி. ஆனால் மத்தேயுவைத் தொடர்ந்து வாசியுங்கள். எகிப்திலிருந்து வருகிறார், தண்ணீரில் இறங்குகிறார், வனாந்தரத்தில் நாற்பது நாள் சோதிக்கப்படுகிறார், அங்கே அவர் சொல்கிற மூன்று பதில்களும் இஸ்ரவேலின் வனாந்தர நாட்களை நினைவூட்டும் உபாகமத்திலிருந்து வருகின்றன. மத்தேயு ஓசியாவிலிருந்து ஒரு வரியைத் திருடவில்லை. இஸ்ரவேலின் கதை முழுவதையும் இயேசுவின் மேல் வைத்துக் காட்டுகிறார். முழுக்கதையும் தெரிந்த வாசகரை நம்பி எழுதியிருக்கிறார்.

சோதனை நடந்த அந்த இடத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு 91-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறான், ‘என்று எழுதியிருக்கிறதே’ என்று ஆதாரத்தோடு. வார்த்தைகள் சங்கீதத்தில் உள்ளவைதான். இயேசு அந்தச் சங்கீதத்தைப் பொய் என்று சொல்லவில்லை. தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறது என்று உபாகமம் 6:16-ஐ அதன் பக்கத்தில் வைத்தார். மாசாவிலே தண்ணீருக்காக ஜனங்கள் கர்த்தரைப் பரீட்சை பார்த்த சம்பவத்தைச் சொல்கிற வசனம் அது. நம்பி அடைக்கலம் புகுகிறவனுக்கு எழுதப்பட்ட சங்கீதத்தை, குதித்துப் பார்த்துச் சோதிக்கிறவனுக்குக் கொடுக்க முடியாது. வசனத்தைச் சரியாக ஒப்புவித்துவிட்டுத் தவறான இடத்தில் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

மூன்றாவதாக, மரணப்படுக்கையில் இருப்பவரிடம் போய் வரலாற்றுப் பின்னணி பேசுவதா என்பீர்கள். பேச வேண்டாம். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடக்கிறவரிடம் யாரும் அதிகார எண் கேட்கப்போவதில்லை. அந்த இரவு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் என்ன கற்றுக்கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி. ‘இந்த வியாதி உங்களைத் தொடாது’ என்று 91-ஆம் சங்கீதத்தைக் காட்டி உறுதி கொடுக்கப்பட்டவருக்கு வியாதி வரும்போது, உடம்போடு விசுவாசமும் சேர்ந்து படுத்துவிடுகிறது.

அடுத்து எழுதப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கலாம். “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என் தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்.” சபைக் கணக்கைப் பற்றியோ உபதேசத்தைப் பற்றியோ ஒரு கேள்வி எழும்போதெல்லாம் இந்த வசனம் நீட்டப்படுகிறது. இது சங்கீதம் 105:15. அதற்கு மேலே மூன்று வசனங்களை வாசித்தால் ‘அபிஷேகம்பண்ணினவர்கள்’ யார் என்று தெரியும்: கொஞ்சப்பேராய், பரதேசிகளாய், ஒரு ராஜ்யத்தைவிட்டு இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பங்கள். எச்சரிக்கப்பட்டவர்களோ ராஜாக்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட வார்த்தையை, மேடையில் இருப்பவர் கீழே இருப்பவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எந்த நியாயம்? ஆபிரகாமைத் தொடாதே என்று எச்சரிக்கப்பட்ட அதே அபிமெலேக்கு, மறுநாள் காலையில் ஆபிரகாமை அழைத்து, சாராளைப் பற்றிச் சொன்னதற்கு நேருக்கு நேர் விளக்கம் கேட்டான் (ஆதி. 20:9, 10). சவுலின் மேல் கைபோட மறுத்த தாவீது, அவன் செய்த அநியாயத்தை அவனையே கூப்பிட்டு நேருக்கு நேர் சொன்னான் (1 சாமு. 24). தொடாமலிருப்பது வேறு, கேள்வி கேட்காமலிருப்பது வேறு. பவுல் சொன்னதையே தினந்தோறும் சரிபார்த்த பெரேயா பட்டணத்தாரை வேதம் நற்குணசாலிகள் என்கிறது (அப். 17:11). பவுல் அதற்காகக் கோபித்துக்கொண்டதாக ஒரு வரியும் இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிரசங்கத்துக்கு ஒரு வசனத்தை எடுத்தால், அது இருக்கிற பகுதி முழுவதையும் முதலில் வாசியுங்கள். எஸ்றாவின் நாளில் நியாயப்பிரமாணப் புத்தகத்தைத் தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, விளங்கப்பண்ணினார்கள் என்று நெகேமியா 8:8 சொல்கிறது. அங்கே வாசிப்பு முதலில் வருகிறது. அர்த்தம் அதன் பிறகு. நம் கூட்டங்களில் வாசிப்புக்கு ஒரு நிமிஷம், அர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்.

வகுப்பில் ஒரு நிருபத்தை உட்கார்ந்த இடத்தில் முழுதாக வாசிக்கச் செய்யுங்கள். பிலிப்பியர் மொத்தமே நான்கு அதிகாரம், 104 வசனம். கட்டுண்டிருக்கிற மனிதர் எழுதுகிறார் என்பது முதல் அதிகாரத்திலேயே வந்துவிடும். நான்காம் அதிகாரத்தில், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்கு வந்தவர், ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்பதைப் பரீட்சையில் முதலிடம் வாங்குவதற்கான வசனமாக எடுக்கமாட்டார். நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

வகுப்பின் கடைசியில் கேள்விகளுக்கு நேரம் விடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் மேல் உள்ள மரியாதை அதனால் கூடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தால், பிலேமோன் நிருபத்தைச் சிபாரிசு செய்வேன். ஒரே அதிகாரம், 25 வசனம். அதிலிருந்து யாரும் வாக்குத்தத்தம் எடுப்பதில்லை என்பதால் பழைய விளக்கங்களின் சுமையும் அதற்கு இல்லை. ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கட்டும். பவுல் எங்கே இருந்து எழுதுகிறார், ஒநேசிமு யார், தனிப்பட்ட ஒரு வேண்டுகோளை எதற்காக அப்பியாள், ஆர்க்கிப்பு, வீட்டில் கூடுகிற சபை என்று எல்லாரையும் சேர்த்து விலாசமிட்டார், ‘என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் நீரே எனக்குக் கடன்பட்டவர் என்று ஏன் நினைவுபடுத்துகிறார், எனக்கு இடத்தை ஆயத்தம்பண்ணும் என்று ஏன் முடிக்கிறார் என்றெல்லாம் கேட்க ஆரம்பிப்பார்கள். பிலேமோன் கடைசியில் என்ன செய்தான் என்றும் கேட்பார்கள். நிருபத்தில் அதற்குப் பதில் இல்லை. அவர்களே அதைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சபையார்